என் இடது சிறுநீரகமும் உன் ஏழாவது கொள்கையும்

ஜனவரி 11

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது மனதில் வரும்போது சேர்த்துக்கொள்கிறேன்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல நினைத்தது ஞாபகம் வரும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நேற்று சலவைக்கூடத்திலிருந்து வந்தபோது கதவிடுக்கில் உன் கட்சித் துண்டறிக்கை செருகியிருந்தது. படத்தில் இருப்பது நீதான் என்று சட்டென்று தெரியவில்லை. கோட்டும் உப்பிய கன்னமுமாக வேட்பாளர் மாதிரியே இருந்தாய். நம் தொகுதியிலேயே நிற்கிறாய் என்பதையே எதிர்வீட்டுத் தபால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “உங்க தம்பி பெரிய ஆளாயிட்டாரு போல”ன்னு சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பினேன். தன்னுரிமைக் கட்சியின் ஏழாவது கொள்கை. உன் எழுத்துதான், எனக்குத் தெரியாதா? “பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா தன் சிறுநீரகத்தை எனக்குத் தந்தார். அறுவை செய்த மருத்துவருக்குச் சம்பளம் கிடைத்தது. மருந்துக் கம்பெனிக்கு லாபம் கிடைத்தது. ஆம்புலன்ஸ் ஓட்டியவருக்குக்கூடக் கூலி கிடைத்தது. என் அக்காவுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. வாங்கினால் குற்றம் என்கிறது சட்டம். உங்கள் உடல் உங்கள் சொத்து. அதை விற்பதா வேண்டாமா என்று சொல்ல அரசாங்கம் யார்?”

நின்றபடியே படித்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அக்கா கொடுத்தாள் என்று நன்றியோடு சொல்ல வேண்டியதை, அக்கா ஏமாந்தாள் என்று தொகுதி முழுக்க அச்சடித்துக் கொடுத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? என் உடல் என் சொத்து என்றால் என் கதை யார் சொத்து?

உன் கட்சி சொல்வது எல்லாமே தப்பு என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு கொள்கைகளையும் இரண்டு முறை படித்தேன். நானும் ஒரு வாக்காளர்தானே. முடி வெட்டுவதற்கும் துணி தைப்பதற்கும் துணி தேய்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டாம் என்கிறாயே, அதற்குக் கைதட்டத் தோன்றியது. எங்கள் சலவைக்கூடத்து இஸ்திரிக்காரம்மா லீவு நாளில் வீட்டில் நாலு சட்டை தேய்த்துக் கொடுத்ததற்கு அபராதம் போட்டவர்கள் இந்த ஊர் நகராட்சிக்காரர்கள்தான். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வேண்டாம் என்கிற இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

என்னை அந்தக் காகிதத்திலிருந்து எடுத்துவிடு.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேர்த்துக்கொள்கிறேன், அடிக்க மாட்டேன்.

உன்னிடம் கேட்காமல் எழுதியது தப்பு. அச்சகத்தில் சொல்லிவிட்டேன், அடுத்து அச்சாவதில் நீ இருக்க மாட்டாய். ஆனால் நீ ஏமாந்தாய் என்று நான் சொல்லவில்லை. உன்னை ஏமாற்றியது சட்டம் என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

நான் ஏன் இந்தக் கட்சிக்கு வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. தலைநகரத்தில் வேலைக்கு வந்ததும் நான்கு பெரிய மனிதர்களோடு சேர்ந்து கெட்டுப்போனேன் என்று அம்மா போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது இல்லை. டயாலிசிஸ் வார்டில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு தையல்காரருடையது. வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், மூன்று வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு அக்கா இல்லை, தங்கை இல்லை. காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தோராவது இடத்திலிருந்து பத்தொன்பதாவது இடத்துக்கு வந்தார். “இன்னும் கொஞ்சம்தான் தம்பி, பஸ் வந்துரும்”னு சொல்வார். ஒரு செவ்வாய்க்கிழமை நாற்காலி காலியாக இருந்தது. வியாழக்கிழமை அதில் வேறொருவர்.

அவரிடம் பணம் இருந்தது, அக்கா. ஒரு கடையை விற்றால் போதும். கொடுக்கத் தயாராக ஆட்களும் இருந்திருப்பார்கள். நடுவில் நின்றது ஒரு சட்டம் மட்டும்தான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாத ஓர் உலகம், அவ்வளவுதான் நாங்கள் கேட்பது. விருப்பமுள்ளவர் விற்கட்டும், விருப்பமுள்ளவர் வாங்கட்டும்.

பிப்ரவரி 6 மாலை நூலகத்து மேல்மாடியில் கூட்டம். வா. வந்து கேட்டுவிட்டுத் திட்டு. வோட்டுப் போடச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன். (கேட்கிறேன்தான். வேறு யாரிடம் கேட்பேன்?)

உன் தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

வந்தேன். அது உனக்கே தெரியும். வந்திருந்த முப்பத்திரண்டு பேருக்கும் தெரியும்.

தனியாக வர வெட்கமாக இருந்தது. இஸ்திரிக்காரம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தோம். நீ நன்றாகப் பேசினாய். சின்ன வயதில் வாய் திறந்தால் திக்குவாய். உன்னைக் கடைக்கு அனுப்பினால் நான்தான் கூட வந்து சாமான் பேர் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையா இது என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்கவில்லை.

அப்புறம் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து கேட்டார், “இதெல்லாம் யார் சார் விப்பாங்க? இல்லாதவங்கதானே விப்பாங்க?” கூட்டத்தைத் துழாவினாய். தூணுக்குப் பின்னாலிருந்த என்னைப் பிடித்துக்கொண்டாய். “அதோ, எங்க அக்கா. அவங்களையே கேளுங்க. ஒரு பைசா வாங்காம குடுத்தாங்க. அவங்களுக்கு ஒரு வீடாவது கிடைச்சிருக்கக் கூடாதா?”

எல்லோரும் திரும்பினார்கள். கைதட்டினார்கள். காகிதத்திலிருந்து எடுத்துவிட்டு மேடையில் ஏற்றிவிட்டாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இஸ்திரிக்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இறங்குவதற்கு முந்தின ஸ்டாப்பில் கேட்டாள்.

“அக்கா, வலிக்குமா?”

“கொஞ்ச நாள்.”

“எவ்வளவு குடுப்பாங்களாம்?”

அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் இல்லை. வாடகை மூன்று மாதமாகப் பாக்கி. நீ சொன்ன விருப்பமுள்ளவர் இவள்தான். நன்றாகப் பார்த்துக்கொள்.

இனி நான் சொல்லப்போவதைப் பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

உன் ஏழாவது கொள்கையில் கடைசியாக ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘தானம் செய்வோரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கும் அனுமதிக் குழுக்கள் கலைக்கப்படும்.’ அந்தக் குழுவில் ஒரு அம்மா இருந்தார். ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. நம் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். “இங்க நீங்க என்ன சொன்னாலும் வெளிய போகாது. உங்களுக்கு இதுல விருப்பமா?” என்று கேட்டார்.

பரிசோதனை ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்கவில்லை, தம்பி. ரத்தம் பொருந்துகிறது என்று தெரிந்த அன்றே அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நன்றி சொன்னாய். நான் சம்மதிக்கவே இல்லை, அதற்குள் நன்றி வந்துவிட்டது.

அந்த அம்மாவிடம், “இல்ல”ன்னு சொன்னேன். பயமாக இருக்கிறது என்றேன். சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் ஓட்டும் வேலை போய்விடும் என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “சரி. மருத்துவக் காரணத்தால பொருந்தலன்னு மட்டும் உங்க வீட்டுக்குச் சொல்லுவோம். யாருக்கும் தெரியாது” என்றார். நான் அழுத அழுகை இருக்கிறதே, அந்த டிஷ்யூ பெட்டி தீர்ந்துபோனது. ஒரு வாரம் யோசிக்க நேரம் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் போய்ச் சரி என்றேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று மூன்று தடவை கேட்டார். இல்லை என்று மூன்று தடவை பொய் சொன்னேன்.

இந்த நாட்டில் என்னிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்ட ஒரே அறை அது. அதைத்தான் நீ இடிக்கப் போகிறாய். சுதந்திரம் என்று பேர் வைத்து.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றும் பிரசங்கமாக வந்தன.

எனக்குத் தெரியும்.

நீ அந்த அறையில் என்ன பேசினாய் என்று தெரியாது. ஆனால் அம்மாவோடு நானும் வெளியேதான் உட்கார்ந்திருந்தேன், நீ வந்தபோது உன் முகம் தெரிந்தது. வீங்கின கண்ணோடு சிரித்தாய். லேசாகிவிட்ட ஆள் மாதிரி இருந்தாய். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று அப்போதே புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்த வாரம் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். டயாலிசிஸ் முடிந்து வந்தால் வாந்தி வரும், உனக்கு ஞாபகம் இருக்கும். எப்போதும் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத்தான் எடுப்பேன், சத்தம் கேட்கக் கூடாது என்று. அந்த வாரம் சாத்தவில்லை. குழாயைத் திறக்கவில்லை. நீ வேலையிலிருந்து வரும் நேரம் பார்த்துப் போனேன். இரண்டு தடவை வராத வாந்தியை வரவழைத்தேன்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

இதனால்தான், அக்கா. இதனாலேதான் எனக்கு இந்தக் கொள்கை. முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு நேராக நடந்து வந்திருப்பேன். கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. பதினோரு வருடம் உன் வீட்டுப் படியேறக் கூசியிருக்க வேண்டியதில்லை. ஏன் வருவதில்லை என்று கேட்பாயே, இதனால்தான். உன்னைப் பார்த்தால் திருடின பொருளோடு உரிமைக்காரர் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும்.

மேடையில் உன்னைக் காட்டியது கேவலம். மன்னிப்புக் கேட்கும் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

உன் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனேன். ஆயிரத்து இருநூறு படுக்கை விரிப்பு மடித்தேன். என்னை மடிப்புப் பிரிவுக்கு மாற்றி இந்த மாதத்தோடு பத்தரை வருடம் ஆகிறது. பெரிய மெஷினை இப்போது வேறொரு பெண் ஓட்டுகிறாள். நன்றாகவே ஓட்டுகிறாள்.

நீ சாகப் பயந்தாய். அதற்கு உன்மேல் கோபம் இல்லை. அந்த வயதில் யாராக இருந்தாலும் கதவைத் திறந்துதான் வைத்திருப்பார்கள். நானும் வைத்திருப்பேன். வாயில் பனிக்கட்டியைப் போட்டுச் சப்பிக்கொண்டு, டாக்டர் கூடாதென்ற ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏங்கினவன் நீ. அதை நான் மறக்கவில்லை.

கோபம் வேறு. நீ செய்தது என்ன என்று உனக்கு அன்றிலிருந்தே தெரியும். தெரிந்தே, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாத உலகம் என்று மேடையில் பேசினாய். கட்டாயப்படுத்தக் கத்தி வேண்டாம், தம்பி. ஒரு கதவு போதும். அது உனக்குத் தெரிந்த அளவுக்கு உன் கட்சித் தலைவருக்குக்கூடத் தெரியாது.

முன்பின் தெரியாதவரிடம் வாங்கியிருந்தால் கூசியிருக்க வேண்டாம் என்கிறாய். சரிதான். உனக்குக் கூசாது. இஸ்திரிக்காரம்மா குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மாசம் பிறந்தால் வாடகைக்கு வந்து வாசலில் நிற்பார். ஒரு வார்த்தை அதட்ட மாட்டார். சும்மா நிற்பார். அவரையும் நீ பார்க்க வேண்டியிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். யார் வீட்டுக் கதவோ திறந்திருக்கும், வாந்திச் சத்தம் உன் காதில் விழாது.

ஒன்று கேட்கிறேன். உன்னிடம் நான் கேட்கிற முதல் விஷயம் இது. ஏழாவது கொள்கை முழுவதையும் தூக்கு என்று சொல்லவில்லை. தையல்காரர் செத்தது எனக்கும் வலிக்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எடு. விற்கட்டும், வாங்கட்டும், என்ன எழவோ செய்யட்டும். ஆனால் அந்தச் சின்ன அறை இருக்கட்டும். கதவைச் சாத்திவிட்டு ஒருத்தி கேட்கட்டும்.

அதை எடுத்தால் உனக்கு வோட்டுப் போடுகிறேன். மற்ற பதினொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறேன். எடுக்காவிட்டால் இல்லை. தேர்தல் 27ஆம் தேதி. நாள் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். தொகுதி முழுக்க முந்நூற்றுப் பதினெட்டு வோட்டு. டெபாசிட் போய்விட்டது. யாருக்கும் வாக்கில்லை என்ற கட்டத்தில் குத்தினவர்கள்கூட எங்களைவிட நான்கு மடங்கு.

நீ கேட்டதைத் தலைவரிடம் கேட்டேன். நேரில் போய்க் கேட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஒருத்தர் உள்ள உக்காந்து, உனக்கு விருப்பமா விருப்பமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா அப்புறம் யாருங்க விப்பாங்க? வளர்ந்த ஆளுங்களைக் குழந்தை மாதிரி நடத்தக் கூடாது.” அச்சடித்தாயிற்று, இந்தத் தேர்தல் முடியட்டும் என்றார்.

விலகியிருக்க வேண்டும். உன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிகிறது. மனு வாபஸ் வாங்க இரண்டு நாள் இருந்தது. வாங்கவில்லை. சுவரெல்லாம் என் முகம் ஒட்டியிருந்தது. என்னை நம்பி ஆறு பேர் வெயிலில் அலைந்துகொண்டிருந்தார்கள். இதெல்லாம் காரணம் இல்லை என்பதும் தெரிகிறது. ஒருமுறையாவது என் பெயரைச் சீட்டில் பார்க்க ஆசைப்பட்டேன். அதுதான்.

வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கு வந்தது. உன் பள்ளிக்கூடத்துச் சாவடியில் எங்களுக்கு ஒரே ஒரு வோட்டு. நான் எதுவும் செய்யாமலே, நீ கேட்டதை எடுக்காமலே அந்த ஒன்று. அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எண்ணி முடித்த அன்று வண்டியில் உட்கார்ந்து அழுதேன், அக்கா. முந்நூற்றுப் பதினேழை மறந்துவிடுவேன். அந்த ஒன்றை மறக்க மாட்டேன்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜனவரியிலிருந்து ரத்தத்தில் கிரியேட்டினின், அந்தக் கழிவு, ஏறிக்கொண்டே போகிறது. நீ கொடுத்தது களைத்துவிட்டது என்கிறார் டாக்டர். ஒரு வருடம் ஓடலாம், குறைவாகவும் இருக்கலாம். மறுபடியும் அந்த நாற்காலிதான். பட்டியலில் பெயர் கொடுத்தாயிற்று, எண்பத்தெட்டாவது. உன்னிடம் கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரையை நேரம் தவறாமல் போடு. உப்பைக் குறை. நான் கொடுத்தது உன் உடம்பில் இன்னும் ஒரு வருடம் ஓடினால் எனக்கும் அது ஆறுதல்தான். அது என்னோடு இருபத்தொன்பது வருடம் இருந்தது.

அந்த வோட்டு நான் போட்டதில்லை.

அந்தக் காகிதத்தை நீ சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் சாவடிக்குப் போனேன், உன் பெயரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் இருமும் அளவுக்குப் பார்த்தேன். பிறகு யாருக்கும் வாக்கில்லை என்பதில் குத்திவிட்டு வந்தேன். நீ சொன்ன நான்கு மடங்கில் நானும் ஒருத்தி.

எங்கள் சாவடியில் அந்த ஒன்று இஸ்திரிக்காரம்மாவுடையது. அவளே சொன்னாள், மத்தியானம் சாப்பிடும்போது. ஏண்டி என்று கேட்டேன்.

“எல்லா கட்சிக்காரனும் வந்து, உங்கிட்ட ஒண்ணுமில்ல, நாங்க தர்றோம்னான். உங்க தம்பி மட்டும்தான்க்கா எங்கிட்டயும் வெலைபோற பொருள் ஒண்ணு இருக்குன்னு சொன்னாரு.”

உன் கொள்கையை இதைவிட நன்றாக நீயே சொன்னதில்லை. அவளிடம் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. நீ சாக வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு நான் கல்லும் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

உன் உடம்பு பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதம் வந்த அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளறிக் கிளறிக் கேட்டாள். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று வாய்தவறி வந்துவிட்டது. அதற்குமேல் நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

நேற்று வந்து உன் ரத்தம் என்ன வகை என்று கேட்டாள். போன வருடம் ரத்த தான முகாமில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தோம். அவள் வகை எனக்குத் தெரியும். உன்னுடையதும் தெரியும்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா